மான் விழுந்த பிறகு: கைபாப் மேட்டில் ஒரு குண்டுத் தேர்வு

அரிசோனாவின் வடக்கு ஓரத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே கைபாப் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. உயரம் 2,400 மீட்டரைத் தாண்டும். பெரும்பகுதி பைன் மரக்காடு. இலையுதிர்காலம் வந்தால் அங்கே மியூல் மான் வேட்டை. கோவேறு கழுதைக்கு இருப்பதுபோலப் பெரிய காதுகள் என்பதால் அந்தப் பெயர். நினைத்தவர் எல்லாம் துப்பாக்கியோடு போய்விட முடியாது. குலுக்கலில் பெயர் விழுந்து அனுமதி கிடைக்க வேண்டும். சிலர் பல வருடங்கள் காத்திருக்கிறார்கள்.

அப்படிக் காத்திருந்து போனவர் மானைச் சுட்டதும் முதலில் செய்யும் வேலை, வயிற்றைக் கீறிக் குடலையும் மற்ற உள்ளுறுப்புகளையும் வெளியே எடுப்பது. உடற்சூடு இறங்காவிட்டால் இறைச்சி கெட்டுவிடும். குண்டு துளைத்த நுரையீரல், கிழிந்த சதை, உறைந்த ரத்தம் எல்லாம் அந்த இடத்திலேயே ஒரு குவியலாகக் கிடக்கும். மான் வண்டியில் ஏறிப் போய்விடும். குவியல் அங்கேயே இருக்கும். இந்த நிகழ்வு ஆய்வு அந்தக் குவியலைப் பற்றியது. வேட்டைக்கு எந்தக் குண்டு சரி என்ற கேள்விக்குக் கிடைத்துவந்த பதிலைக் கடந்த இருபது ஆண்டுகளில் புரட்டிப் போட்டது அதுதான்.

ஒரு சொல்லை முதலில் சரிசெய்துகொள்வோம். தோட்டா என்று நாம் சொல்வது பித்தளை உறை, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருளை. குழல் வழியே பறந்து போவது அதன் மூக்கில் செருகியிருக்கும் குண்டு மட்டும்தான். துப்பாக்கியின் விலை, தொலைநோக்கியின் தரம் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட, மானை உண்மையில் தொடுகிற ஒரே பொருளான இந்த விரல்நுனி அளவு உலோகத்தைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கிக்கொண்டு போவார்கள்.

போர்க்குண்டும் வேட்டைக் குண்டும் ஒன்றல்ல. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், உடம்புக்குள் போய் விரிகிற குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தன. கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில் செய்த குண்டுகள்தான் அந்தப் பேச்சுக்கே காரணம். வேட்டையிலோ நேர்மாறு. விரியாத குண்டு ஊசி போலத் துளைத்து மறுபக்கம் வெளியேறிவிடும். காயத்தோடு ஓடும் மான் எங்கோ ஒரு புதரில் பல மணி நேரம் துடித்துச் சாகும். அதனால் பல அமெரிக்க மாநிலங்களில் பெரிய விலங்குகளை விரியும் குண்டால்தான் சுட வேண்டும் என்று விதியே இருக்கிறது.

விரிவதற்கு ஈயத்தை மிஞ்சிய உலோகம் இல்லை என்றுதான் நூறு வருடமாக நம்பினார்கள். மென்மையானது, கனமானது, மலிவானது. மேலே மெல்லிய செப்புச் சட்டை, உள்ளே ஈயம், மூக்கில் ஈயம் கொஞ்சம் வெளியே தெரியும். மானைத் தொட்டதும் மூக்கு காளான் குடை போல விரியும். .30-06 என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் பரவலாக உள்ள ஒரு துப்பாக்கித் தோட்டா அளவு. அதில் 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு, அதாவது சுமார் 11.7 கிராம், விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. மானின் உடம்பிலிருந்து அதைத் தோண்டியெடுத்துத் தராசில் வைத்தால் பல சமயம் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சியிருக்கும்.

மீதி நான்கு கிராம் எங்கே போனது?

இந்தக் கேள்வியை ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களும் வேறு காரணத்துக்காகக் கேட்டார்கள். 1946இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். மூஸ் என்பது மான் இனத்திலேயே மிகப் பெரியது. அதன் மேலெல்லாம் காய்ந்த சேறு அப்பியிருந்தது. குண்டுகள் தோளிலேயே சிதறிவிட்டன, உள்ளே இறங்கவில்லை. எரிச்சலோடு ஊர் திரும்பியவர் குண்டின் நடுவில் ஒரு செப்புச் சுவரை வைத்துப் பார்த்தார். முன்பாதி ஈயம் விரியும், சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி உருக்குலையாமல் ஆழமாகப் போகும். 1948இலிருந்து விற்பனைக்கு வந்த அந்த ‘பார்ட்டிஷன்’ குண்டுக்கு இன்றும் மதிப்பு உண்டு. பின்பாதி உள்ளே போவதுதான் அவருக்கு முக்கியம். சிதறிப்போன முன்பாதி என்ன ஆனது என்பது அன்றைக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

முழுச் செப்புக் குண்டு பிறந்த கதையும் இப்படித்தான். குண்டு தயாரிக்கும் பார்ன்ஸ் நிறுவனத்தின் ராண்டி புரூக்ஸ் 1985இல் அலாஸ்காவில் கரடியைத் தேடித் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தபோது, ஈயத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1989இல் ‘எக்ஸ்’ குண்டு சந்தைக்கு வந்தது. முழுச் செம்பு, மூக்கில் ஒரு குழி, மானைத் தொட்டதும் நான்கு இதழாகப் பிரியும். நோக்கம் ஆழமாக இறங்குவது மட்டும்தான். பறவைகளைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

பறவைகள் பக்கம் வருவோம். கலிஃபோர்னியா காண்டோர் என்பது அமெரிக்கக் கண்டத்துப் பிணந்தின்னிக் கழுகு. இறக்கையை விரித்தால் 2.9 மீட்டர். அறுபது வருடம் வரை வாழும். ஆனால் குஞ்சு பொரிக்கவே ஆறேழு வயதாக வேண்டும், அதுவும் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டைதான். இப்படிப்பட்ட பறவையில் வளர்ந்த ஒன்று செத்தால் அந்த இடத்தை நிரப்ப ஏழெட்டு வருடம் ஆகும். 1982இல் உலகத்திலேயே மிச்சம் இருந்தவை 22. காட்டிலிருந்த கடைசிக் காண்டோரை 1987 ஏப்ரலில் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். அப்போது மொத்தம் 27 பறவைகள், எல்லாம் சான் டியேகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும். கூண்டிலேயே பெருக்கி, 1992இல் கலிஃபோர்னியாவிலும், 1996 டிசம்பரில் அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸ் செம்பாறைச் சரிவிலும் திறந்துவிட்டார்கள். அந்தச் சரிவிலிருந்து கைபாப் மேடு காண்டோருக்குக் கூப்பிடுதூரம்.

2000த்தை ஒட்டி அரிசோனாப் பறவைகள் ஈய நஞ்சால் சாகத் தொடங்கின. ஈயம் ஏறிய காண்டோரின் சாவு கொடுமையானது. ஜீரண உறுப்புகளின் தசைகள் செயலிழந்துவிடும். தொண்டைப்பை நிறைய இரை இருக்கும், கீழே இறங்காது. வயிறு நிறையத் தின்ற பறவை பட்டினியால் சாகும். எக்ஸ்ரே எடுத்தால் இரைப்பையில் குண்டூசித் தலையளவு ஒரு வெள்ளைப் புள்ளி. எலும்பையே கரைக்கும் அமிலம் உள்ள வயிறு அது. மனிதன் விழுங்கினால் ஒருவேளை வெளியேறிவிடக்கூடிய துணுக்கு அங்கே கரைந்து ரத்தத்தில் ஏறுகிறது. காண்டோர்கள் கூட்டமாக உண்பவை என்பதால் ஒரே குவியல் பல பறவைகளைச் சாய்த்துவிடும்.

இதைப் படிக்கிற தமிழ் வாசகருக்கு மாயாறு பள்ளத்தாக்கின் கழுகுகள் ஞாபகம் வரலாம். அங்கே நஞ்சு வேறு, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. கால்நடைக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடைசெய்தது. வழி மட்டும் ஒன்றுதான்: செத்த உடம்புக்குள் மனிதன் விட்டுச் சென்றது கழுகின் வயிற்றுக்குப் போகிறது.

சரி, ஈயம் குண்டிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? பழைய பெயிண்ட், சுரங்கக் கழிவு என்று வேட்டைக்காரர் சங்கங்கள் வேறு காரணங்களைச் சொல்லிப் பார்த்தன. அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை என்பேன். ஆதாரம் கேட்பவரை எதிரியாகப் பார்க்கத் தேவையில்லை. ஆதாரம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஈயத்துக்கும் ஜாதகம் உண்டு: எந்தத் தாதுவிலிருந்து வந்தது என்பதை அதன் ஐசோடோப் விகிதம், அதாவது எடை வேறுபட்ட ஈய அணுக்கள் கலந்திருக்கும் விகிதம், காட்டிக்கொடுக்கும். கலிஃபோர்னியாவில் நஞ்சேறிய பெரும்பாலான காண்டோர்களின் ரத்தத்தில் இருந்த விகிதம் தோட்டாக்களின் ஈயத்தோடு ஒத்துப்போனது. 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, சுதந்திரமாகப் பறக்கும் பறவைகளில் ஆண்டுதோறும் ஐந்தில் ஒன்றுக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ரத்தத்தில் ஈயம் இருந்தது.

இரண்டாவது ஆதாரம் இன்னும் எளிமையானது. குடற்குவியல்களை எடுத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். வேட்டைப் பறவைகளைக் காக்கும் பெரெக்ரின் ஃபண்ட் அமைப்பின் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கணக்கில், இருபது குவியல்களில் பதினெட்டில் ஈயத் துணுக்குகள். ஐந்து குவியல்களில் ஒவ்வொன்றிலும் இருநூறுக்கு மேல். செப்புக் குண்டால் சுட்ட நான்கு முழு மான்களில் மொத்தமே ஆறு துணுக்குகள். காணாமல்போன அந்த நான்கு கிராம் அங்கேதான் கிடந்தது, மாவு மாதிரி.

எந்த வகை ஈயக்குண்டு எவ்வளவு சிதறும் என்பதை மின்னசோட்டா மாநில இயற்கைவளத் துறை 2008இல் செத்த செம்மறியாடுகளைச் சுட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தது. எனக்கு இந்த முழுக்கதையிலும் மிகவும் உபயோகமாகப்பட்ட கணக்கு இது. மூக்கில் பிளாஸ்டிக் முனை வைத்து வேகமாக விரியும் ஈயக்குண்டு சராசரியாக 141 துணுக்குகளை விட்டது. சாதாரண மென்மூக்குக் குண்டு எண்பத்துச் சொச்சம். சட்டையையும் ஈயத்தையும் ஒட்டவைத்து, எடை குறையாது என்று கூடுதல் விலைக்கு விற்கும் பிணைப்புக் குண்டும் ஏறக்குறைய அதே எண்பது. செப்புக் குண்டு இரண்டே இரண்டு. துணுக்குகள் காயத்தைச் சுற்றி ஒரு சாண் தாண்டியும் போயிருந்தன. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்று நினைத்தார்கள்; கழுவியது ஈயத்தை மற்ற இடங்களுக்கும் பரப்பியது.

பிணைப்புக் குண்டைப் பற்றிய அந்த எண் பலருக்கு ஏமாற்றம். தோண்டியெடுத்த குண்டு தொண்ணூறு சதவீத எடையோடு அழகாக இருக்கிறது, அப்புறம் எண்பது துணுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு துணுக்கு மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். எடையில் பெரிய இழப்பு தெரியாது. தராசு ஒன்று சொல்கிறது, எக்ஸ்ரே இன்னொன்று சொல்கிறது. மானை வீழ்த்துவதற்கு எடை மிஞ்சினால் போதும். பறவைக்கும் அந்த இறைச்சியைச் சாப்பிடும் குழந்தைக்கும் துணுக்கின் எண்ணிக்கைதான் கணக்கு. அதே 2008இல் வடக்கு டகோட்டாவில் மருத்துவர் ஒருவர் ஏழைகளுக்குத் தானமாக வந்த மானிறைச்சிப் பொட்டலங்களை ஸ்கேன் செய்து ஈயத்தைக் கண்டுபிடிக்க, மாநில அரசு அந்தப் பொட்டலங்களைத் தூக்கியெறியச் சொன்னது.

ஆக, கைபாப் மேட்டுக்கு அனுமதி கிடைத்த ஒருவர் .30-06 வைத்திருக்கிறார், செம்புக்கு மாறலாம் என்று நினைக்கிறார். என்னென்ன மாறும்?

முதலில் எடை. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 9க்குச் சற்றுக் கீழே. அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு காற்றில் தள்ளாடாமல் போக இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சுழற்றுவது குழலுக்குள் இருக்கும் திருகுவரி. .30-06 குழல்களில் வழக்கமாகப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது பெரும்பாலும் போதும். வரி மெதுவாகச் சுற்றும் பழைய குழல்களில்தான் சிக்கல். எப்படியும் 180 கிரெய்ன் ஈயத்தைச் சுட்டுப் பழகியவர் செம்பிலும் அதே 180ஐத் தேடக் கூடாது. செம்பு எடையை இழக்காது என்பதால் 150 போதும், தாராளமாக. ‘கனமான குண்டுதான் ஆழமாகப் போகும்’ என்று அப்பாவிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு இது ஜீரணமாவது கஷ்டம். ஈயத்துக்கு அந்தப் பாடம் சரி. பாதி வழியில் மூன்றில் ஒரு பங்கை உதிர்த்துவிடும் குண்டுக்குக் கூடுதல் எடையோடுதான் கிளம்ப வேண்டியிருந்தது.

அடுத்தது வேகம், செம்புக்கு இதுதான் உயிர்நாடி. ஈயம் மெதுவாகப் போய் மோதினாலும் நசுங்கும். செம்பு அப்படியில்லை, இதழ்கள் பிரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். பல தயாரிப்புகளுக்கு விநாடிக்கு 1,800 முதல் 2,000 அடி. அதற்குக் கீழே இதழ் பிரியாமல் பேனாவால் குத்தியதுபோல ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும். விநாடிக்கு 2,900 அடியில் கிளம்பும் 150 கிரெய்ன் செப்புக் குண்டு 400 கெஜத்தில் சுமார் 2,100 அடிக்கு இறங்கியிருக்கும். அதுவரை பயமில்லை. அதற்கப்பால் சுடுவேன் என்பவர் தன் குண்டின் விரிவேகத்தைப் பெட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போவதே மேல் என்பது என் கட்சி. .30-30 மாதிரி மெதுவாகச் சுடும் பழைய லீவர் துப்பாக்கிக்காரர்களுக்கு இந்த வரம்பு இன்னும் சுருங்கும். மெதுவான வேகத்துக்கென்றே பெரிய குழியோடு செய்த செப்புக் குண்டுகளைத் தேடி வாங்க வேண்டும்.

சுடும் இடமும் கொஞ்சம் மாறும். சிதறும் ஈயம் விலா எலும்புக்குப் பின்னால் நுரையீரலைக் கிழித்து மானை அங்கேயே உட்காரவைக்கும். செம்பு சிதறாது, நுரையீரலில் மட்டும் பட்டால் சில மான்கள் கூடுதலாக ஐம்பது அறுபது மீட்டர் ஓடிவிட்டு விழும். அதைப் பார்த்துவிட்டு ‘செம்பு வேலைக்கு ஆகாது’ என்று சொன்னவர்கள் நிறைய. முன்னந்தோளை ஒட்டி, எலும்பில் படும்படி சுட்டால் அந்தக் குறை தெரியாது. எலும்பு உடைந்தும் குண்டு நிற்காது, நேர்கோட்டில் போகும். ஈயக்குண்டால் தோளைச் சுட்டால் இறைச்சி கூழாகிவிடும் என்று தவிர்த்தவர்களுக்கு இங்கே ஒரு லாபமும் உண்டு.

கடைசியாகக் குழல். முதல் தலைமுறை ‘எக்ஸ்’ குண்டுகள் குழலுக்குள் செம்பை அப்பிவிட்டுப் போகும், சில துப்பாக்கிகளில் குறியும் சிதறும். அந்தக் கெட்ட பெயர் முப்பது வருடம் கழித்தும் வேட்டை முகாம்களில் உலவுகிறது. 2003இல் குண்டின் உடம்பில் வளைய வளையமாகப் பள்ளம் வெட்டியதும் உராய்வு குறைந்து அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. ஆனாலும் புதுக் குண்டு பழைய குண்டு விழுந்த இடத்தில் விழாது. வேட்டைக்கு முதல் நாள் இலவசப் பெட்டியைப் பிரித்து அப்படியே காட்டுக்குப் போனவர்கள் மானைத் தவறவிட்டுவிட்டுக் குண்டைத் திட்டினார்கள். குழலைத் தேய்த்துச் சுத்தம்செய்து, சுடுதளத்தில் பத்துக் குண்டாவது சுட்டுக் குறியைச் சரிசெய்த பிறகு திட்டினால் நியாயம்.

இலவசப் பெட்டி என்றேனே, அதுதான் அரிசோனாவின் வழி. துப்பாக்கியைப் பற்றி அரசு எதைச் சொன்னாலும் சந்தேகப்படும் மாநிலம் அது. தடை போட்டால் காரியம் கெடும் என்று தெரிந்த அரிசோனா வேட்டை, மீன்வளத் துறை, காண்டோர் திரியும் பகுதிகளுக்கு அனுமதி பெற்றவர்களுக்கு 2005இலிருந்து ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்தது. கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். ஈயத்தால்தான் சுடுவேன் என்பவர்களுக்கும் ஒரு வழி வைத்தது: குடற்குவியலைப் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், ஒரு பரிசுக் குலுக்கலில் பெயர் சேரும். 2007க்குப் பிறகு பத்து வேட்டைக்காரர்களில் எட்டுப் பேருக்கு மேல் இரண்டில் ஒன்றைச் செய்தார்கள். ஒரு சட்டமும் இல்லாமல்.

கலிஃபோர்னியா சட்டத்தை எடுத்தது. 2008 ஜூலையிலிருந்து காண்டோர் பகுதியில் பெரிய விலங்கு வேட்டைக்கு ஈயக்குண்டு தடை. 2013இல் கையெழுத்தான இன்னொரு சட்டம் படிப்படியாக அமலாகி 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க எந்த விலங்கையும் ஈயத்தால் சுடக் கூடாது என்றானது. முதல் தடைக்குப் பிறகு பொன்னிறக் கழுகுகளிலும் வான்கோழிக் கழுகுகளிலும் ரத்த ஈயம் குறைந்ததை அளந்து காட்டினார்கள். காண்டோரில் அந்தக் குறைவு அவ்வளவு சீக்கிரம் தெரியவில்லை. அறுபது வருடம் வாழ்ந்து, தினமும் செத்ததையே தின்னும் பறவைக்கு, நூறு குவியலில் ஒன்றில் ஈயம் இருந்தாலும் என்றோ ஒருநாள் அது மாட்டும். மானை மட்டுமா சுடுகிறார்கள்? பண்ணையாளர் கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்கைச் சுடுவார், தரையணிலைச் சுடுவார். அணில் சுடும் .22 துப்பாக்கிக்கு ஈயமில்லாத தோட்டா கிடைப்பது அரிது, கிடைத்தாலும் குறி அவ்வளவு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அரிசோனாவிலும் சாவு நிற்கவில்லை. பறவைக்கு மாநில எல்லை தெரியாது. கோடையில் வடக்கே யூட்டா மாநிலத்தின் ஸையன் தேசியப் பூங்காப் பக்கம் மேயப் போய்விடும், அங்கே இந்தத் திட்டம் பல வருடம் தாமதமாகத்தான் வந்தது. 2023இல் பறவைக் காய்ச்சல் வேறு வந்து 21 காண்டோர்களைக் கொண்டுபோனது. இன்று கூண்டும் காடும் சேர்த்து ஐந்நூறுக்கு மேல் காண்டோர்கள் இருக்கின்றன, காட்டில் மட்டும் முந்நூறைத் தாண்டும். சாவுக்கான முதல் காரணம் இன்னும் ஈயம்தான்.

அதனால் வேட்டைப் பருவத்தை ஒட்டிப் பறவைகளைப் பொறியில் பிடித்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவு மீறியவற்றுக்கு ஈயத்தை இழுத்து வெளியேற்றும் ஊசியை நாள்கணக்கில் போட்டு மறுபடி திறந்துவிடும் வேலை ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. அதே வாரங்களில், கைபாப் மேட்டில் ஜேக்கப் லேக் சோதனை நிலையத்துக்கு வண்டிகள் வருகின்றன. பின்னால் மான், பக்கத்தில் கட்டிய ஒரு பை. உள்ளே என்ன என்று யாரும் கேட்பதில்லை, வாடையே சொல்லிவிடும். பையைக் கொடுத்துவிட்டு, குலுக்கலுக்குப் பெயரை எழுதிவிட்டுக் கை கழுவத் தண்ணீர் எங்கே என்று விசாரிக்கிறார்கள்.